கண்புரை வளர்வதில்லை, திரிகிறது

எங்கள் ஆயாவுக்கு 68 வயதில் திடீரென்று கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன் இருபது வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்தைக்கூடப் பார்க்க முடியாதவர், காரிமங்கலம் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோத்தார். தெருவே வந்து பார்த்தது. "களி தின்னு வளந்த ஒடம்புடா இது" என்று ஒரு வருஷத்துக்கு மேல் அதே பெருமைதான். அப்புறம் பஸ் போர்டு தெரியவில்லை என்றார், ராத்திரியில் எதிரே வரும் வண்டி லைட் பூவாக விரிகிறது என்றார், அஞ்சு ரூபாய்க் காசையும் பத்து ரூபாய்க் காசையும் விரலால் தடவிப் பார்த்துப் பிரிக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், புரை இன்று நேற்று வந்ததில்லை, மூணு வருஷமாவது இருக்கும் என்றார். அதாவது ஆயா ஊசியில் நூல் கோத்துக் காட்டினாரே, அதுவே புரையின் வேலைதான்.

இது எப்படி என்று புரிந்துகொள்ளப் போனால் கண்புரையைப் பற்றி நம் ஊரில் சொல்லப்படுவதில் பாதியைத் தூக்கிப் போட வேண்டிவரும். புரை வளர்ந்திருக்கு, பூ விழுந்திருக்கு, சதை மூடியிருக்கு என்று மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சதை என்பது வெள்ளைவிழியிலிருந்து கருவிழி மேல் ஏறி வருவது, கண்ணாடியில் பார்த்தால் நமக்கே தெரியும். பூ என்பது கருவிழியில் புண் ஆறிய தழும்பு. புரை இருப்பது இவற்றுக்கெல்லாம் உள்ளே, கண்மணிக்குப் பின்னால், மொச்சைக் கொட்டை அளவில் இருக்கிற லென்ஸில். அங்கே எதுவும் புதிதாக முளைப்பதும் இல்லை, மேலே ஏடு படிவதும் இல்லை. பிறந்ததிலிருந்து இருந்த லென்ஸே கெட்டுப்போகிறது, அவ்வளவுதான். பாலில் ஊற்றும் உறைமோரைச் சில வீடுகளில் புரை என்றும் பிரை என்றும் சொல்வார்கள். இரண்டு புரைக்கும் ஒரே வேர்தானா என்று எனக்குத் தர்க்கம் செய்ய ஆசையில்லை, ஆனால் நடக்கிற காரியம் கிட்டத்தட்ட ஒன்றுதான்: தனித்தனியாக இருந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிகட்டுகின்றன.

லென்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புரதம், மீதி பெரும்பாலும் தண்ணீர். உடம்பில் மிகச் சில இடங்களில்தான் இவ்வளவு புரதம் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கிரிஸ்டலின் என்ற ஒரே கூட்டம், அதற்குள் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று மூன்று வகை. ஸ்வீடன்காரர் ஒருவர் 1894-லேயே இவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டினார். அவர் பெயர் மோர்னர். உறைமோர்க் கதை சொல்லும்போது இந்தப் பெயர் வந்து விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை.

இவ்வளவு கெட்டியான சரக்கு எப்படிக் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது? பாலில் இருக்கும் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான், அதற்கே பால் அந்தப்பக்கம் எதுவும் தெரியாத வெள்ளை. பாலில் புரதமும் கொழுப்பும் ஒளியைத் திருப்பி அடிக்கிற அளவுக்குப் பெரிய உருண்டைகளாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதக்கின்றன. ஒளி அவற்றில் பட்டு நாலாபக்கமும் சிதறுகிறது, நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. லென்ஸ் புரதங்கள் ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் மிகப் பொடிசு. போதாததற்கு, நெருக்கியடித்து அடுக்கப்பட்டிருப்பதால் ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஓரளவு சீராக இருக்கிறது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி கிரேட்டை நன்றாகக் குலுக்கி நிரப்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெருக்கமாக உட்காருமே, அந்த மாதிரி. அப்படி இருக்கும்போது ஒவ்வொரு புரதமும் சிதறடிக்கிற ஒளி அக்கம்பக்கத்துப் புரதம் சிதறடிப்பதோடு மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது, நேராகப் போகிற ஒளி மட்டும் தப்பிப் போகிறது. ஜார்ஜ் பெனடெக் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1971-இல் கண்ணின் தெளிவுக்கான கணக்கைப் போட்டார், 1983-இல் பிரான்ஸில் டெலாய், டார்டியூ இருவரும் லென்ஸ் புரதத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு இதில் பிடித்த விஷயம், லென்ஸ் சாற்றில் தண்ணீர் ஊற்றி நீர்க்க வைத்தால் ஒளிச்சிதறல் குறைவதற்குப் பதிலாக முதலில் கூடுகிறது என்பதுதான். நெருக்கம் கலைந்தால் ஒழுங்கும் கலைகிறது.

கிரேட்டுக்குள் நாலு தக்காளி நசுங்கி ஒன்றாக ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? ஓரிடத்தில் கட்டி, பக்கத்தில் காலி. அந்த ஏற்றத்தாழ்வில்தான் ஒளி சிதறுகிறது. புரை என்றால் இதுதான், வேறு பெரிய ரகசியம் இல்லை.

சரி, ஏன் ஒட்டுகின்றன? இங்கேதான் லென்ஸின் விசித்திரமான பிழைப்பைச் சொல்ல வேண்டும். லென்ஸின் முன்பக்கம் மட்டும் ஒரு வரிசை உயிருள்ள செல்கள் இருக்கின்றன. அவை விளிம்பில் பெருகி, நீண்டு, நாராக மாறி, பழைய நார்களின் மேல் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உட்காருகின்றன. அப்படி உட்காரும்போது உட்கரு உட்பட உள்ளே இருக்கிற எல்லா உறுப்புகளையும் கரைத்து ஒழித்துவிடுகின்றன, ஏனென்றால் அவையும் ஒளியை மறைக்கும். பார்வைக்காகச் செய்த தியாகம் என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம், ஆனால் விலை பெரியது. உட்கரு இல்லை என்றால் புதுப் புரதம் செய்ய வழியில்லை, கெட்டதை எடுத்துவிட்டு நல்லதை வைக்கவும் வழியில்லை. ரத்தத்தின் சிவப்பணு 120 நாளில் மாறிவிடுகிறது. லென்ஸின் நடுவில் இருக்கிற புரதமோ நீங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோது செய்தது, இன்றைக்கும் அதேதான். இது பேச்சுக்குச் சொல்வதில்லை. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 எகிறியது, அப்போது உருவான புரதத்தில் அந்தக் கணக்கு அப்படியே பதிந்திருக்கும். 2008-இல் டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் இறந்தவர்களின் லென்ஸை எடுத்து இந்தக் கணக்கைப் பார்த்தே அவர்கள் பிறந்த வருஷத்தைத் தோராயமாகச் சொன்னார்கள். ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் குறைத்துப் போட்டிருக்கலாம், லென்ஸில் முடியாது.

எழுபது வருஷம் 37 டிகிரி சூட்டில், பகலெல்லாம் வெளிச்சம் பட, மாற்றவே படாமல் கிடக்கிற புரதம் எப்படி இருக்கும்? கொஞ்சம் கொஞ்சமாக வேதியியல் ரீதியில் சிதைகிறது. புரதச் சங்கிலியில் சில அமினோ அமிலங்கள் தம் அமைடு பகுதியை இழக்கின்றன, சில வலதுகை இடதுகை மாதிரி திரும்பிக்கொள்கின்றன, சங்கிலி அங்கங்கே அறுகிறது. ஆக்சிஜன் பட்டு, கந்தகம் இருக்கிற சிஸ்டீன் இரண்டு இரண்டாகக் கோத்துக்கொள்கிறது. இப்படிச் சிதைந்த புரதம் மடிப்புக் கலைந்து, உள்ளே மறைந்திருந்த ஒட்டும் பகுதி வெளியே வந்து, பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது.

அதைத் தடுக்கத்தான் ஆல்ஃபா கிரிஸ்டலின் இருக்கிறது. ரொம்ப நாள் இதை வெறும் இடத்தை அடைக்கிற புரதம் என்றே நினைத்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பழ ஈ சூட்டில் தவிக்கும்போது உடம்பில் சுரக்கிற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் இதுவும் ஒரே குடும்பம் என்று தெரியவந்தது. 1992-இல் ஜோசப் ஹார்விட்ஸ் என்பவர் பீட்டா, காமா புரதங்களைச் சூடாக்கிப் பார்த்தார், அவை திரிந்து வெள்ளையாயின. கூடவே ஆல்ஃபாவைச் சேர்த்துச் சூடாக்கினால் தெளிவாகவே இருந்தன. கல்யாண வீட்டில் குடித்துவிட்டுத் தள்ளாடுகிற ஆளை யாருக்கும் தெரியாமல் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போய் உட்கார வைக்கும் மாமா ஒருவர் இருப்பாரே, அதுதான் ஆல்ஃபாவின் வேலை. மடிப்புக் கலைந்த புரதத்தை நிமிர்த்திச் சரிசெய்ய அதனால் முடியாது, மற்றவர்களோடு சண்டைக்குப் போகாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆனால் மாமாக்கள் எண்ணிக்கை பிறந்தபோது எவ்வளவோ அவ்வளவுதான். தள்ளாடுகிற ஆட்களோ வருஷாவருஷம் கூடிக்கொண்டே போகிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்குள் லென்ஸின் நடுப்பகுதியில் கரைந்த நிலையில் இருந்த ஆல்ஃபா கிட்டத்தட்ட தீர்ந்துவிடுகிறது, எல்லாமே யாரையாவது பிடித்துக்கொண்டு பெரிய கட்டிகளில் சிக்கிவிடுகின்றன. லென்ஸ் விறைத்து வெள்ளெழுத்து வருகிற வயதும் அதுதான் என்பதைக் கவனிக்கலாம்.

இன்னொரு காவல் குளூட்டாதயோன். ஆக்சிஜனின் தாக்குதலை வாங்கிக்கொள்ள லென்ஸ் ஓரத்தில் தயாராகி நடுவுக்குப் போகிற பொருள் இது. நடுத்தர வயதுக்கு மேல் ஓரத்திலிருந்து நடுவுக்குப் போகிற வழி அடைபடத் தொடங்குகிறது, அப்புறம் நடு லென்ஸ் தனியாக மாட்டிக்கொள்கிறது. ஆக்சிஜன்தான் பெரிய வில்லன் என்பதற்கு வலுவான சாட்சி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது: விழித்திரை ஆபரேஷனுக்காகக் கண்ணுக்குள் இருக்கிற ஜெல்லை எடுத்துவிட்டால், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருஷத்துக்குள் நடுப்புரை வந்துவிடுகிறது. அந்த ஜெல் இருந்தவரை விழித்திரைப் பக்கத்து ஆக்சிஜனை லென்ஸிடம் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது.

ஆயாவின் ஊசிக்கு வருவோம். நடுவில் புரதம் இறுக இறுக அந்த இடம் ஒளியை முன்பைவிட அதிகமாக வளைக்கிறது. லென்ஸின் பவர் கூடுகிறது, கண் கிட்டப்பார்வைக் கண்ணாக மாறுகிறது, வெள்ளெழுத்துக்குப் போட்ட பிளஸ் கண்ணாடி தேவையில்லாமல் போகிறது. கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். வயதான ஒருவர் "இப்பல்லாம் கண்ணாடியே வேண்டாம்" என்று சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன் ஒருமுறை கண் டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

எல்லோருக்கும் ஒரே வேகத்தில் திரிவதில்லை. சுகர் இருந்தால் இரண்டு வழியில் அடி விழுகிறது. ஒன்று, லென்ஸுக்குள் நுழைந்த குளுக்கோஸ் சார்பிட்டால் ஆகி, வெளியே போக முடியாமல் தண்ணீரை இழுத்து நாரை ஊத வைக்கிறது. இன்னொன்று, சர்க்கரை நேராகப் புரதத்தின் மேல் ஒட்டிப் பழுப்பேற்றுகிறது, அடுப்பில் பால் சுண்டச் சுண்ட நிறம் மாறுவதும் இதே வினைதான். வெயிலைப் பற்றி அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவில் படகில் வேலை செய்த 838 பேரை வைத்து ஒரு ஆய்வு 1988-இல் வந்தது, புற ஊதாக் கதிர் அதிகம் பட்டவர்களுக்கு லென்ஸின் ஓரத்தில் வருகிற புரை அதிகம் என்று கண்டார்கள். தலையில் துண்டைக் கட்டினால் மண்டைக்கு நிழல், கண்ணுக்கு இல்லை, விளிம்பு வைத்த தொப்பி இருந்தால்தான் கண்ணில் நிழல் விழும். பீடி, சிகரெட் சேர்த்துக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகையையும் பல ஆய்வுகள் சேர்க்கின்றன. மூட்டுவலிக்கு என்னவென்றே சொல்லாமல் கொடுக்கிற மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருந்து, அதை வருஷக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு லென்ஸின் பின்புறத்தில் புரை வரும், அதற்கு வயதாக வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் குவாரியில் கல் தெறித்துக் கண்ணில் பட்டால் கதை ஒரே நாளில் முடியும்: லென்ஸின் உறை கிழிந்து, கண்ணுக்குள் இருக்கிற நீர் உள்ளே புகுந்து, புரதம் ஊறி வெளுத்துவிடும். பிறந்த குழந்தைக்கே புரை இருப்பதும் உண்டு, அதில் ஒரு பங்கு கிரிஸ்டலின் மரபணுவில் ஓர் எழுத்து பிசகியதால் வருவது.

எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் எது வந்தாலும் ப்ளோரைடு தண்ணீர் மேல் பழியைப் போடுவது வழக்கம். பல்லில் கறை, எலும்பில் கோளாறு என்று அதன் கணக்கு நீளமானதுதான், மறுக்கவில்லை. ஆனால் புரை ப்ளோரைடே இல்லாத ஊரிலும் இதே வயதில் இதே மாதிரி வருகிறது.

அடுத்தது சொட்டு மருந்து. ஆயாவுக்கு ஆபரேஷன் பயம். தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று ஒரு பாட்டில் வீட்டுக்கு வந்தது, அப்புறம் இன்னொன்று, எட்டு மாதம் போட்டார். கண் எரிந்ததுதான் மிச்சம். கடைக்காரரைக் கேட்டால் "இன்னும் ரெண்டு பாட்டில் போட்டாதான் கேக்கும்" என்றார். இதில் முழு மூடத்தனம் என்று எதையும் ஒதுக்க முடியாதபடி ஒரு நிஜக் கதையும் இருக்கிறது. 2015-இல் நேச்சர் இதழில் லானோஸ்டெரால் என்ற பொருள் புரதக் கட்டிகளைக் கலைக்கிறது, நாய்களின் புரையைக் குறைத்தது என்று கட்டுரை வந்து உலகமே குதித்தது. மற்றவர்கள் மனிதக் கண்ணிலிருந்து ஆபரேஷனில் எடுத்த புரை லென்ஸை அதே பொருளில் ஊறப்போட்டுப் பார்த்தார்கள், தெளியவில்லை. ஏன் என்று இப்போது ஊகிக்கலாம். வெறுமனே ஒட்டிக்கொண்டிருந்தால் பிரித்துவிடலாம். ஆனால் எழுபது வருஷப் புரதம் ஒட்டியது மட்டுமில்லை, அறுந்திருக்கிறது, திரும்பியிருக்கிறது, பழுத்திருக்கிறது. தயிரைப் பாலாக்கச் சொல்கிற கேஸ் இது. ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது, நாளைக்கு ஏதாவது வரலாம், இன்றைக்குக் கடையில் விற்கிற எந்தச் சொட்டும் புரையைக் கரைக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை.

அதைவிட ஆபத்தான பேச்சு "புரை முத்தட்டும்" என்பது. மாங்காய் மாவட்டமாயிற்றே, நமக்கு எல்லாமே முற்றிப் பழுக்கிற கணக்குதான். ஒரு காலத்தில் அதில் அர்த்தம் இருந்தது, லென்ஸை உறையோடு முழுசாகப் பிடுங்கி எடுத்து, சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்தில் ஓரளவு பார்வை இருக்கும் கண்ணைத் தொட டாக்டர்களே தயங்கினார்கள். லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949-இல் முதல் செயற்கை லென்ஸை வைத்தார், 1967-இல் சார்லஸ் கெல்மன் அதிர்வலையால் லென்ஸை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார், மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரி 1992-இல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்புக்கூடம் மூலம் லென்ஸை உள்ளூரிலேயே மலிவாகச் செய்ய ஆரம்பித்த பிறகு ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. இன்றைக்கு முற்றவிட்டால் நடு லென்ஸ் கல்லாக இறுகி உடைப்பதற்குக் கஷ்டம், அவ்வளவுதான் லாபம்.

இன்னும் விட்டால்? மாம்பழம் அழுகினால் உள்ளே தண்ணீராவது போல லென்ஸின் வெளி அடுக்கு பால் மாதிரி கரைந்து, நடுக்கொட்டை அதில் மூழ்கிக் கிடக்கும். உறையின் நுண்ணிய வழிகளில் புரதம் கசிந்து கண்ணின் முன்னறைக்கு வரும். அதை விழுங்க வருகிற ரத்த வெள்ளணுக்களும் பெரிய புரதக் கட்டிகளுமாகச் சேர்ந்து கண்ணீர் அல்லாத அந்த உள்நீர் வடிகிற சல்லடையை அடைத்துவிடும், கண்ணின் பிரஷர் எகிறும். திடீரென்று கண் சிவந்து, தலை பிளக்கிற வலி, வாந்தி. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இரண்டு நாள் சோடா குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு, அதற்குள் கண் நரம்பு பட்டுப்போயிருந்தால் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பாது. முத்தட்டும் என்று காத்திருந்ததற்கு இதுதான் கிடைக்கும்.

ஆபரேஷனில் எடுப்பது உறைக்குள் இருக்கிற சரக்கை மட்டும். உறையை விட்டுவைத்து அதற்குள் செயற்கை லென்ஸை வைக்கிறார்கள், அதில் கிரிஸ்டலின் இல்லை, அதனால் அது திரியவும் வழியில்லை. "ஆபரேஷன் பண்ணியும் மறுபடி புரை வளந்துடுச்சு" என்று சிலர் சொல்வது வேறு விஷயம், உறையில் மிச்சம் ஒட்டியிருந்த செல்கள் பின்பக்கமாகப் பரவி மங்கலாக்குவது. ஐந்து நிமிஷ லேசரில் ஒரு ஓட்டை போட்டால் தீர்ந்தது.

ஆயாவுக்கு ஒருவழியாக வலது கண்ணில் லென்ஸ் வைத்தாயிற்று. முகாம் வேனில் போய், கறுப்புக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். வயதாக ஆக லென்ஸ் புரதத்தில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் சம்பந்தப்பட்ட பொருள்கள் சேர்ந்து மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், அது நீல ஒளியைத் தடுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் யாருக்கும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிய அன்று காலையில் கொடியில் காய்ந்த தாத்தாவின் வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், இடது கண்ணைக் கையால் மூடினார், அப்புறம் வலது கண்ணை மூடினார், மறுபடி இடது.

"ஏன்டா தம்பி, இது ஒரே வேட்டிதான?"

"ஒரே வேட்டிதான் ஆயா."

"இந்தக் கண்ணுல பாத்தா வெள்ளையா இருக்குது. அந்தக் கண்ணுல டீத்தண்ணில நனைச்ச மாதிரி இருக்குது." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார், "மருமவள எத்தன வருசமா தொவைக்கத் தெரியலன்னு திட்டிட்டு இருந்தேன்."